இரவு ஒரு மணிக்கு ஏர் ஹாரன்: எங்கே போய் முறையிடுவது?

உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையே, தேசிய நெடுஞ்சாலை 87ஐ ஒட்டிய ஓர் ஊரிலிருந்து 41 வயதுப் பெண் ஒருவர் நான்கு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியில் வரக்கூடாது என்று கேட்டிருக்கிறார். அதனால் அடையாளம் தெரியும் விவரங்களை விட்டுவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

மாமனார் கட்டிய வீடு. தார் விளிம்பிலிருந்து வாசல்படி 12 மீட்டர். கணவர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். கடலுக்குப் போனால் மறுநாள் காலையில்தான் கரை, வந்து பகலில் தூங்குவார். மாமியாருக்கு வயது 72, ரத்தக் கொதிப்பு. மகள் பிளஸ் டூ படிக்கிறாள். பகலெல்லாம் ராமேசுவரம் போகும் டூரிஸ்ட் வேன்கள், பஸ்கள். இரவில் மீன் ஏற்றிய கூலிங் வண்டிகள், சைலன்சரை மாற்றிய பைக்குகள். அமாவாசைக்கு முந்தின இரவு, அதிலும் ஆடி, தை என்றால், வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் லாரி நடுக்கூடத்துக்குள்ளேயே வருவதுபோலக் கேட்கிறது. ஒன்றரை ஆண்டுக்கு முன் எதிர்ப்பக்கம் ஒரு டீக்கடை வந்தது. அன்றிலிருந்து நள்ளிரவுக்கு மேல் கூலிங் வண்டிகள் எஞ்சினை அணைக்காமல் அங்கே நிற்கின்றன. கிளம்பும்போது ஒரு முறை ஏர் ஹாரன் அடித்துவிட்டுத்தான் கிளம்புகின்றன.

"கைப்பேசியில் ஒரு செயலியை ஏற்றி அளந்தேன். 88 டெசிபல் காட்டியது. சட்டப்படி 45தான் இருக்க வேண்டுமாமே? நெடுஞ்சாலைத் துறையிடம் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட முடியுமா? ஊர்ப் பையன்கள் இரண்டு யோசனை சொல்கிறார்கள்: நாமே சிமெண்டில் வேகத்தடை போடுவது, இல்லாவிட்டால் சாலை மறியல். என் கணவரோ, எஞ்சின் பக்கத்திலேயே படுத்துத் தூங்குகிறவன் நான், இதெல்லாம் ஒரு சத்தமா என்கிறார்." இவை கடிதத்தின் கேள்விகள். ஓரத்தில் பேனாவால் இன்னொரு வரியும் இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

சகோதரி, உங்கள் கணவரின் வாதத்திலிருந்தே தொடங்குகிறேன். அவர் பொய் சொல்லவில்லை. படகு எஞ்சின் ஒரே சீராக ஓடும். சீரான சத்தத்துக்கு மனிதக் காது பழகிவிடும். அது நின்றால்தான் தூக்கம் கலையும். சாலைச் சத்தம் அப்படியல்ல. பத்து நிமிடம் அமைதி, திடீரென்று ஓர் ஏர் ஹாரன். உடம்பு தூக்கத்திலேயே துடித்து எழும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாளும் அவர் வீட்டில்தான் படுக்கிறார். அந்த நாட்களில் இரவு ஒரு மணிக்கு முதலில் எழுந்து உட்காருவது அவர்தான் என்று நீங்களே இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை அவரிடம் ஒரு முறை படித்துக் காட்டுங்கள்.

உங்கள் கடிதத்தில் 'சாலைச் சத்தம்' என்று ஒரே சொல்லால் சொல்வது உண்மையில் நான்கைந்து சத்தங்கள். ஓடும் வண்டிகளின் மொத்த இரைச்சல் ஒன்று. ஏர் ஹாரன் வேறு. சைலன்சர் மாற்றிய பைக் வேறு. நிற்கும் லாரியின் எஞ்சின் வேறு. இவற்றைப் பிரிக்காமல் 'சாலையால் தொல்லை' என்று மனு கொடுத்தால், அதிகாரி கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வார், அதோடு முடிந்தது. ஏனென்றால் நெடுஞ்சாலையில் வண்டி ஓடுவது குற்றமில்லை. 1988இல் பாம்பனில் சாலைப் பாலம் திறக்கும் முன்பு தீவுக்குப் போக ரயிலைவிட்டால் படகுதான். இன்று அரிச்சல்முனை வரை கார் போகிறது. அந்த வண்டிகள் எல்லாம் உங்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். அதை எந்த நீதிமன்றமும் நிறுத்தாது. பாதி வண்டிகளை வேறு வழியில் திருப்பிவிட்டதாகவே வைத்துக்கொண்டாலும் சத்தம் சுமார் 3 டெசிபல்தான் குறையும். உங்கள் காதுக்கு வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. நஷ்டஈடு வழக்கைப் பற்றியும் இதே காரணத்தால் ஒளிக்காமல் சொல்கிறேன்: சட்டப்படி போட்ட பொதுச் சாலையில் வழக்கமாகப் போகும் வண்டிகளின் சத்தத்துக்காக நஷ்டஈடு வாங்குவது மிகக் கடினம். அந்த வழக்குக்குச் செலவிடும் பணத்தில் படுக்கையறைக்கு நல்ல சுவரும் கதவும் போட்டுவிடலாம்.

மற்ற சத்தங்களுக்கு ஆள் உண்டு, எண் பலகை உண்டு, நேரம் உண்டு. சட்டம் பிடிக்கக்கூடியது அவற்றைத்தான்.

88 என்றால் என்ன, 45 என்றால் என்ன

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. வணிகப் பகுதிக்கு 65, 55. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. இது வரை நீங்கள் சொன்னது சரி. ஆனால் அந்த 45, ஒரு நொடியில் எழும் உச்சச் சத்தத்துக்கான வரம்பு அல்ல. குறிப்பிட்ட நேரம் முழுக்க அளந்து எடுக்கும் சராசரி. உங்கள் கைப்பேசி காட்டிய 88 ஒரு லாரி தாண்டிய கணத்தின் அளவு. இரண்டையும் பக்கத்தில் வைத்து 'இரண்டு மடங்கு மீறல்' என்று மனுவில் எழுதினால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த ஒரு வரியை வைத்தே மனு முழுவதையும் கேலி செய்துவிடுவார். டெசிபல் கணக்கும் சாதாரணக் கூட்டல் கழித்தல் போன்றதல்ல. 10 டெசிபல் கூடினாலே காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும். தவிர, கைப்பேசிச் செயலியை அளவுக் கருவியாக யாரும் ஏற்க மாட்டார்கள். அந்தப் படங்களை அழித்துவிட வேண்டாம், நாட்குறிப்போடு சேர்த்து வையுங்கள். அவ்வளவுதான் அதன் பயன்.

இன்னொரு சிக்கல், உங்கள் இடம் 'குடியிருப்புப் பகுதி' என்று வகைப்படுத்தப்பட்டிருக்கிறதா என்பது. சாலையோரம் கடைகளும் வீடுகளும் கலந்து கிடக்கின்றன. ஊராட்சியிடமும் நகர் ஊரமைப்பு அலுவலகத்திடமும் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். பக்கத்தில் பள்ளிக்கூடம் இருப்பதால் நம் தெரு தானாகவே அமைதி மண்டலம் (சத்த வரம்பு இன்னும் கடுமையான இடம்) ஆகிவிடும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். 2017ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, அரசு அறிவித்தால்தான் அமைதி மண்டலம். அந்தக் கேள்வியையும் அதே மனுவில் சேர்த்துவிடுங்கள்.

இப்போது உங்களுக்குச் சாதகமான செய்தி. புகார் கொடுக்க டெசிபல் அளவு கட்டாயம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அந்த ஒலி மாசு விதிகளில் விதி 7 இரண்டு வாசல்களைத் திறந்து வைத்திருக்கிறது. ஒன்று, வரம்பைவிட 10 டெசிபலோ அதற்கு மேலோ சத்தம் இருந்தால் புகார் கொடுக்கலாம். இதற்கு அளவு வேண்டும். மற்றொன்று, இரவு நேரக் கட்டுப்பாடுகளை மீறினால் புகார் கொடுக்கலாம். இதற்கு அளவே வேண்டாம். குடியிருப்புப் பகுதியில் இரவில், அவசர நிலை தவிர, ஹாரன் அடிக்கக்கூடாது என்று விதி 5ஏ சொல்கிறது. இரவு 1:10க்கு, இன்ன எண் வண்டி, டீக்கடை முன்பிருந்து கிளம்பும்போது ஏர் ஹாரன் அடித்தது என்பதே முழுமையான புகார். நீங்கள் அளந்துகொண்டிருந்த நேரத்தில் எண் பலகையைக் குறித்திருக்கலாம்.

இதில் உங்கள் வீட்டுக்கு ஒரு அநியாயம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். சட்டத்தின் இரவு 10 முதல் 6 வரை. கடற்காரர் வீட்டு இரவு காலை 8 மணிக்குத் தொடங்கி மதியம் முடிகிறது. தார்ச்சாலையில் வேன்கள் வரிசை கட்டும் அந்த நேரத்தில் அவர் தூங்க வேண்டியிருக்கிறது. சட்டப்படி அது பகல், அதற்குப் பகல் வரம்புதான். இதற்கு என்னிடம் சட்டத் தீர்வு இல்லை. கட்டிலைச் சாலைப் பக்கத்து அறையிலிருந்து பின்னறைக்கு மாற்றுங்கள். முன்பக்கச் சுவரில் காற்றுக்காக விட்ட சிமெண்ட் ஜன்னல் பின்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டுக் காற்றைக் கடல் பக்கத்திலிருந்து எடுங்கள். வேலியோரம் வேம்பும் பூவரசும் வைத்தால் சத்தம் குறையும் என்று மகள் சொல்கிறாள் அல்லவா? நிழலுக்கு வைக்கட்டும். ஒற்றை வரிசை மரம் சத்தத்தை மறைக்காது. ஓலைத் தட்டியும் மறைக்காது. இடைவெளி இல்லாத, படுத்திருப்பவர் காதுக்கும் லாரிக்கும் குறுக்கே நிற்கும் உயரமுள்ள சுவர் மறைக்கும். கச்சான் பற்றி நீங்கள் கவனித்தது முற்றிலும் உண்மை. உங்கள் வீடு சாலைக்கு வடகிழக்கே இருக்கிறது. தென்மேற்கிலிருந்து வரும் காற்று சத்தத்தையும் சேர்த்துக்கொண்டு வரும். சுவர் கட்டினாலும் அந்த மாதங்களில் பலன் சற்றுக் குறைவாகவே இருக்கும்.

வேகத்தடையும் மறியலும் வேண்டாம்

பையன்களிடம் உடனே சொல்லிவிடுங்கள். தேசிய நெடுஞ்சாலையைச் சேதப்படுத்துவதற்கு, 1956ஆம் ஆண்டுத் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 8பி பிரிவில் 5 ஆண்டு வரை சிறை உண்டு. 'நாங்கள் உடைக்கவில்லை, மேலே சிமெண்ட்தான் போட்டோம்' என்பதை ஸ்டேஷனில் யாரும் பொறுமையாகக் கேட்க மாட்டார்கள். அதைவிடப் பெரிய பயம் எனக்கு வேறு. சில ஆண்டுகளுக்கு முன் கடலோர ஊர் ஒன்றில் இளைஞர்கள் ஒரே இரவில் போட்ட மேட்டில், வெள்ளைக் கோடுகூட இல்லாத மேட்டில், அதிகாலை மீன் கூடையோடு வந்த ஒருவர் பைக்கோடு விழுந்தார். பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த இளைஞர்களில் இருவருடைய பெயர் முதல் தகவல் அறிக்கையில் ஏறியது. ஒருவர் அப்போது வளைகுடா வேலைக்கு விசா வந்து காத்திருந்தவர். பாஸ்போர்ட் சரிபார்ப்பு எந்தக் கதிக்கு ஆளாகியிருக்கும் என்று நம் ஊரில் விளக்க வேண்டியதில்லை. மறியலுக்கும் இதே விலைதான்.

சட்டத்தை விடுங்கள், சத்தத்துக்காகவாவது வேகத்தடை வேண்டாம். அந்த ஊருக்கு நான் போயிருந்தபோது சாலையோர வீட்டுத் திண்ணையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சரக்கு இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் லாரி மேட்டில் ஏறி இறங்கும்போது பின்பலகைச் சங்கிலிகள் அறைகின்றன, தளத்தின் இரும்புத் தகடு குதித்து விழுகிறது. சமையலறைப் பலகையில் குடத்தின் மேல் கவிழ்த்திருந்த எவர்சில்வர் சொம்பு ஒவ்வொரு லாரிக்கும் கிணுகிணுத்தது. அதற்கு முன்னால் பிரேக் முனகல், தாண்டியதும் கியரை மாற்றி உறுமல். வேகத்தடை சில இடங்களில் உயிரைக் காக்கும். தூக்கத்தைக் காக்காது.

கேட்க வேண்டியதும் கேட்க வேண்டிய இடமும்

இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். தேதி, நேரம், வண்டி எண், என்ன சத்தம், நின்றதா ஓடியதா, எவ்வளவு நேரம். மகள் படிக்கும் நேரத்தை இதற்கு வாங்க வேண்டாம். மாமியாருக்குத்தான் தூக்கமில்லையே, அவர் நேரம் சொல்ல நீங்கள் எழுதுங்கள். அமாவாசைக்கு முந்தின இரவு ஒன்று அந்த இரண்டு வாரத்துக்குள் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அதையே வழக்கமான இரவாகக் காட்டாதீர்கள்.

பிறகு திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியரிடம் மனு. ஒலி மாசு விதிகளின்படி நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் ஆட்சியருக்கும், துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத காவல் அதிகாரிக்கும் உண்டு. அதனால் டி.எஸ்.பி.க்கு ஒரு நகல். வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கு ஒரு நகல். மனுவில் மூன்றே கோரிக்கைகள் போதும்: ஊர் எல்லையின் இரு பக்கமும் 'ஹாரன் அடிக்காதீர்' பலகை, ஏர் ஹாரனுக்கும் மாற்றிய சைலன்சருக்கும் இரவுச் சோதனை, டீக்கடை முன் கனரக வண்டிகள் நிற்கத் தடை.

முதல் கோரிக்கை சின்னதாகத் தெரியும். பலகை இருந்தால் கதையே வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194எஃப் பிரிவுப்படி, தடைப் பலகை உள்ள இடத்தில் ஹாரன் அடித்தாலே 1,000 ரூபாய், மறுபடியும் அடித்தால் 2,000. பலகை இல்லாத இடத்தில் 'தேவையில்லாமல் அடித்தார்' என்று நிரூபிக்க வேண்டும். ஓட்டுநர் 'மாடு குறுக்கே வந்தது' என்பார். நம் சாலையில் அது பொய்யாகவும் இருக்காது. வெயில் ஏறிய தார் இரவில் கதகதப்பாக இருக்கும். ஊர் ஆடுமாடெல்லாம் அதில்தான் படுத்திருக்கின்றன. மனு கொடுக்கும் முன்பு உங்கள் தெருக்காரர்கள் அவற்றைக் கட்டிப்போடட்டும். பல ஒலியில் அலறும் ஹாரனை மத்திய மோட்டார் வாகன விதி 119 அடியோடு தடுக்கிறது. ஒலி வரம்பை மீறும் வண்டியை ஓட்டினால் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம், 3 மாதம் வரை சிறை, உரிமமும் 3 மாதம் முடங்கும். சைலன்சர் பைக் பையன்களில் பாதிப்பேர் நம் ஊர்ப் பிள்ளைகள்தான். அவர்களுடைய அப்பாக்களிடம் இந்த வரியைக் காட்டினாலே சிலது அடங்கும்.

மனு கொடுத்ததற்கான ரசீது எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். 1100 என்ற முதல்வரின் உதவி மைய எண்ணிலும் பதியலாம். இரண்டு மாதம் பார்த்தும் எதுவும் நடக்கவில்லையென்றால், மனுவைப் பரிசீலித்து முடிவெடுக்க உத்தரவிடக் கோரி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகலாம். நிம்மதியாக வாழும் உரிமை அரசமைப்பின் 21ஆம் பிரிவுக்குள் வருகிறது, விரும்பாத சத்தத்தைக் கேட்கும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2005 ஜூலையில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் அங்கே முதலில் கேட்பது 'யாரிடம் மனு கொடுத்தீர்கள், ரசீது எங்கே' என்றுதான். செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி, பெண் என்ற ஒன்றே போதும், வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். ராமநாதபுரத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். அதனால் மனுவும் வழக்கும் கணவர் பெயரில் வேண்டாம், உங்கள் பெயரில் போடுங்கள்.

மாமியாரின் ரத்தக் கொதிப்பு சாலைச் சத்தத்தால்தான் வந்தது என்று மனுவில் எழுதாதீர்கள். நீண்ட கால இரைச்சலுக்கும் இதய நோய்க்கும் தொடர்பு உண்டு என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது உண்மை. ஆனால் இந்த அம்மாவுக்கு அதனால்தான் என்று சொல்ல மருத்துவர் வேண்டும். 'ரத்தக் கொதிப்புக்கு மருந்து எடுக்கிறார், இரவில் தூக்கம் கெடுகிறது' என்று மருத்துவர் சீட்டை இணைத்தால் அது போதும்.

ஓரத்தில் எழுதிய வரி

"அந்த டீக்கடை என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகன் கடை. புகார் கொடுத்தால் சொந்தம் என்ன பேசும்?"

பக்கம் பக்கமாக எழுதிய எல்லாவற்றையும்விட இந்த வரிதான் உங்களுக்குக் கனக்கிறது என்று புரிகிறது. சட்டத்தில் வழி இருக்கிறது. ஒரே இடத்தில் தொடர்ந்து நடக்கும் பொதுத் தொல்லையை அகற்ற, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆவது பிரிவில் வருவாய்க் கோட்டாட்சியர் உத்தரவு போட முடியும். நிற்கும் லாரிக்கு மிகப் பொருத்தமான பிரிவு அதுதான். இப்போதைக்கு அதைக் கையில் எடுக்காதீர்கள். மூன்றாவது கோரிக்கையையும் மனுவில் எழுதும் முன்பு கொழுந்தனாரிடம் ஒரு முறை பேசிவிடுங்கள். மனு போன பிறகு பேசினால் அது மிரட்டல். முன்பு பேசினால் குடும்பப் பேச்சு.

அவரிடம் 'எஞ்சினை அணைக்கச் சொல்' என்று கேட்காதீர்கள். அது நடக்காது. உள்ளே மீன் இருக்கிறது. குளிரூட்டும் எஞ்சின் நின்றால் ஓட்டுநர்தான் சரக்குக்காரரிடம் பதில் சொல்ல வேண்டும். வண்டியைத் தள்ளி நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். நிற்கும் வண்டியின் சத்தம், தூரம் இரண்டு மடங்காகும்போதெல்லாம் ஏறக்குறைய 6 டெசிபல் இறங்கும். உதாரணத்துக்கு, 12 மீட்டரில் நிற்பது 96 மீட்டருக்குப் போனால் 18 டெசிபல் குறைவு. எந்தச் சுவரும் அவ்வளவு சுலபமாகத் தராத பலன் அது. வீடுகள் முடிந்து உடைமரக் காடு தொடங்கும் இடத்தில் சாலையோரம் அகலமாக இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அங்கே 'டீக்கு வண்டி இங்கே நிறுத்தவும்' என்று ஒரு தட்டி வைத்து, இரவில் ஒரு விளக்கும் போட்டால் ஓட்டுநர்கள் அங்கேயே நிறுத்துவார்கள். நூறு மீட்டர் நடந்து வருவது அவர்களுக்கும் தூக்கக் கலக்கம் தெளிய நல்லது.

கணவரை அனுப்பாதீர்கள், இரண்டு ஆண்கள் கடைவாசலில் நின்று பேசினால் பழைய பங்காளிக் கணக்கெல்லாம் வெளியே வரும். மாமியாரை அழைத்துக்கொண்டு நீங்களே போங்கள். காலையில் வியாபாரம் ஓய்ந்த பத்து, பதினொரு மணிக்குப் போங்கள். 'தம்பி, அத்தைக்கு ராத்திரி தூக்கமில்லை' என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர் போட்டுத் தரும் டீயைக் குடித்துவிட்டு வாருங்கள். ஒரு வாரம் கழித்து, நோட்டில் அந்த இரவுகளின் பக்கம் எப்படி இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.